மெக்மாஸ்டர், டிரேஸ்பார்ட்ஸ், 3டிஃபைண்டிட்: போல்ட்டும் பேரிங்கும் தேட எது உதவும்?

மெஷின் டிசைன் வேலையில் நேரத்தை விழுங்குவது போல்ட், பேரிங், சர்க்லிப் (தண்டில் பார்ட் நழுவாமல் பிடிக்கும் வளையம்) மாதிரி ரெடிமேட் பார்ட்டுகளைத் தேடுவதுதான். அதற்கு மெக்மாஸ்டர், டிரேஸ்பார்ட்ஸ், 3டிஃபைண்டிட் என்ற இந்த மூன்று ஆன்லைன் கேட்லாக்குகளையும் மாற்றி மாற்றிப் பயன்படுத்துகிறேன். மூன்றிலும் 3டி மாடல் இலவசம்.

தேடுவதில் முதலிடம் அமெரிக்காவின் மெக்மாஸ்டர்-கார்தான், சந்தேகமே இல்லை. பெயர் தெரியாத பார்ட்டைக்கூட அதில் பிடித்துவிடலாம். திரெட் (மரை) அளவு, நீளம், மெட்டீரியல், தலையின் வடிவம் என்று ஒவ்வொன்றாகத் தேர்வு செய்யச் செய்யப் பட்டியல் சுருங்கிக்கொண்டே வரும், வகைக்கு ஒரு தெளிவான படம் இருக்கும், பக்கமும் சட்டென்று திறக்கும். ஆனால் பெரும்பாலான பார்ட்டுகளுக்குத் தயாரிப்பாளர் பெயர் இருக்காது, அதனால் மெக்மாஸ்டரின் பார்ட் நம்பரை வைத்துக்கொண்டு நம் ஊர்க் கடையில் வாங்க முடியாது. இன்னொன்று, அதன் போல்ட் மாடல்களில் திரெட்டை நிஜமாகவே சுருளாக வெட்டி வைத்திருப்பார்கள். அதை நூறு இடத்தில் போட்டால் முழு மெஷினின் மாடல் (அசெம்பிளி) திரையில் நகரவே நகராது. டவுன்லோட் பட்டியலில் திரெட் இல்லாத ஃபைலும் இருக்கும், அதை எடுங்கள்.

பிராண்ட் தெரிந்து தேடுபவர்களுக்குப் பிரான்ஸின் டிரேஸ்பார்ட்ஸ் போதும். தயாரிப்பாளர் வாரியாகவும் டின் (ஜெர்மன்), ஐஎஸ்ஓ (சர்வதேச) தரநிலை வாரியாகவும் பிரித்திருக்கிறார்கள். ஜெர்மனியின் காடெனாஸ் நிறுவனம் நடத்தும் 3டிஃபைண்டிட்டில் கூடுதலாக ஒரு நல்ல வசதி: கையில் இருக்கும் 3டி மாடலை ஏற்றினால் அதே மாதிரி வடிவம் உள்ளவற்றைத் தேடித் தரும். பழைய மெஷினின் டிராயிங்கில் பார்ட் நம்பரே இல்லாதபோது இது பெரிய உதவி.

சரி, தேடி எடுத்தாச்சு. ஒப்பிடும்போதுதான் கவனம் வேண்டும், ஏனென்றால் வடிவம் ஒன்றாக இருந்தால் பார்ட்டும் ஒன்று என்று திரை நம்மை நம்ப வைத்துவிடும். 6205 பேரிங்கையே எடுத்துக்கொள்ளுங்கள். யார் செய்தாலும் உள்விட்டம் 25, வெளிவிட்டம் 52, அகலம் 15 மி.மீ. எஸ்கேஎஃப் பிராண்டில் இரும்பு ஷீல்டு போட்ட 2இசட் நிமிடத்துக்கு 14,000 சுற்று வரை போகும், ரப்பர் சீல் உரசிக்கொண்டே சுற்றும் 2ஆர்எஸ்ஹெச் 8,500தான். மாடலில் இரண்டுக்கும் வித்தியாசம் கண்டுபிடிக்கவே முடியாது! அதே ரப்பர் சீல் என்எஸ்கேயில் டிடியூ, என்டிஎன்னில் எல்எல்யூ, ஆகவே ஒரு பிராண்டின் குறியீட்டைத் தட்டினால் மற்ற பிராண்டின் இணையான பேரிங் கண்ணில் படாமலே போகலாம். கிளியரன்ஸை, அதாவது பேரிங்கின் உள்ளே விடும் இடைவெளியைச் சொல்லும் சி3 என்ற குறியீடும் படத்தில் தெரியாது.

போல்ட்டிலும் இதே கதை. எம்10 (10 மி.மீ. திரெட்) அறுகோணத் தலை போல்ட்டுக்கு டின் 933ஐ எடுத்தால் ஸ்பேனர் அளவு 17, ஐஎஸ்ஓ 4017ஐ எடுத்தால் 16. எம்12க்கு 19, 18. சுவரை ஒட்டிப் போல்ட் வைக்கும் இடத்தில் இந்த 1 மி.மீ. பெரிய விஷயம், அதனால் கடையில் எது கிடைக்கிறது என்று கேட்டுவிட்டு மாடலை இறக்குங்கள்.

பேரிங்குக்கு நான் இந்த மூன்றில் எதையும் கடைசி ஆதாரமாக எடுப்பதில்லை. மாடலை மட்டும் இங்கே எடுத்துக்கொண்டு, லோட் ரேட்டிங் (தாங்கும் சுமை), வேக வரம்பு, சீல், கிளியரன்ஸ் நான்கையும் தயாரிப்பாளரின் சொந்தப் பக்கத்தில் பார்த்து எக்செல்லில் பக்கம் பக்கமாக வைத்த பிறகுதான் பர்ச்சேஸுக்கு நம்பர் கொடுக்கிறேன்.