பெட்ஃபேர் எக்ஸ்சேஞ்ச்: விலை தவறும் இடமும் பணம் புழங்கும் இடமும்

பெட்ஃபேர் எக்ஸ்சேஞ்ச் என்னும் பந்தயப் பரிமாற்றகத்தைப் பல கால்பந்துப் பருவங்களாக லண்டனில் இருந்தபடி பயன்படுத்திவருகிறேன். பிரிட்டனில் இது 2005 ஆம் ஆண்டுச் சூதாட்டச் சட்டத்தின் கீழ் உரிமம் பெற்று இயங்கும் சேவை. வென்ற தொகைக்குப் பந்தயம் கட்டியவர் வரி செலுத்த வேண்டியதும் இல்லை. இந்தியாவில் பணம் வைத்து ஆடும் இணைய விளையாட்டுகளை 2025 ஆகஸ்டில் நாடாளுமன்றம் நிறைவேற்றிய சட்டம் தடை செய்துவிட்டதால், அங்கிருந்து படிப்பவர்கள் இதை ஒரு சந்தை எவ்வாறு இயங்குகிறது என்ற விவரிப்பாக மட்டுமே எடுத்துக்கொள்ள வேண்டும்.

நான் வந்தடைந்த முடிவை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். இங்கே தவறான விலை கிடைக்கத்தான் செய்கிறது. ஆனால் அது பெரும்பாலும் பணம் குறைவாகப் புழங்கும் மூலைகளில்தான் கிடைக்கிறது. பணம் குவிந்து கிடக்கும் சந்தைகளில் விலை ஏறக்குறைய எப்போதும் சரியாகவே இருக்கிறது. மேம்பட்ட உத்தி என்று பேசப்படும் அனைத்தும் இந்த இரண்டுக்கும் இடையே உள்ள குறுகிய சந்தில்தான் நடக்கிறது.

ஆண்ட்ரூ பிளாக், எட்வர்ட் ரே ஆகிய இருவரும் 2000 ஆம் ஆண்டில் தொடங்கிய இந்தச் சேவையில், வாடிக்கையாளர் நிறுவனத்தை எதிர்த்துப் பந்தயம் கட்டுவதில்லை. மற்றொரு வாடிக்கையாளரை எதிர்த்தே கட்டுகிறார். ஓர் அணி வெல்லும் என்று கட்டுவது பேக், வெல்லாது என்று எதிர்ப்பக்கம் நிற்பது லே. சந்தை முடிந்ததும் நிகர லாபத்தில் மட்டும் நிறுவனம் கமிஷன் எடுத்துக்கொள்கிறது. தாமே விலை வைத்துப் பந்தயம் ஏற்கும் வழக்கமான புக்மேக்கரின் விலைப்பட்டியலில் அவருடைய பங்கு விலைக்குள்ளேயே ஒளிந்திருக்கும். உதாரணமாக, உள்ளூர் அணிக்கு 2.10 (ஒரு பவுண்டு கட்டி வென்றால், கட்டியதும் சேர்த்து 2.10 பவுண்டு கைக்கு வரும்), டிராவுக்கு 3.40, வெளியூர் அணிக்கு 3.60 என்று ஒரு புக்மேக்கர் விலை வைத்தால், ஒன்றை ஒவ்வொரு விலையாலும் வகுத்துக் கிடைக்கும் சதவீதங்களின் கூட்டுத்தொகை 104.8 ஆகிறது, நூறுக்கு மேலுள்ள அந்த 4.8தான் அவருடைய பங்கு. பரிமாற்றகத்தில் பெரிய ஆட்டங்களுக்கு இந்தக் கூட்டுத்தொகை நூறை ஒட்டியே நிற்கிறது.

ஆனால் கமிஷனைக் கணக்கில் சேர்க்காமல் இரண்டையும் ஒப்பிடுவது பயனற்ற வேலை. பரிமாற்றகத்தின் 2.10 என்ற விலை, 2 சதவீதக் கமிஷனுக்குப் பின் 2.078 ஆகவும், 5 சதவீதக் கமிஷனுக்குப் பின் 2.045 ஆகவும் குறைகிறது. அதாவது, நட்டமின்றி நிற்பதற்கு முதல் நிலையில் 48.1 சதவீத வெற்றி வாய்ப்பு போதுமானது, இரண்டாம் நிலையில் 48.9 தேவைப்படுகிறது. ஒரு சதவீதத்துக்கும் குறைவான இந்த வேறுபாட்டைச் சிறியது என்று கருதுபவருக்கு, இந்தச் சந்தையில் நல்ல உத்தி என்று சொல்லத்தக்கவை தரும் மொத்த அனுகூலமே இரண்டு மூன்று சதவீதம்தான் என்பதை நினைவூட்ட வேண்டியிருக்கிறது.

எந்த அணி வெல்லும் என்று கணிப்பதில் வல்லவர்கள் பலர் தொடர்ந்து பணம் இழப்பதற்குக் காரணம், அவர்கள் விலையைப் பார்ப்பதில்லை என்பதே. கோல் எண்ணிக்கைச் சந்தையில் இது தெளிவாகத் தெரியும். ஓர் ஆட்டத்தில் சராசரியாக 2.7 கோல்கள் எதிர்பார்க்கப்படுகின்றன என்றால், சராசரியிலிருந்து ஒவ்வொரு எண்ணிக்கைக்கும் உள்ள வாய்ப்பைக் கணக்கிடும் பாய்சான் பரவலின்படி மூன்று அல்லது அதற்கு மேற்பட்ட கோல்கள் விழுவதற்கான வாய்ப்பு சுமார் 50.6 சதவீதம், அதற்கு நியாயமான விலை 1.97. எதிர்பார்ப்பு 2.5 ஆகக் குறைந்தால் வாய்ப்பு 45.6 சதவீதமாகவும் நியாயமான விலை 2.19 ஆகவும் மாறுகின்றன. ஐந்தில் ஒரு கோல் அளவுக்குக் கணிப்பு தவறினாலே, நல்ல விலை என்று நினைத்து வாங்கியது மோசமான விலையாகிவிடும். மார்க் டிக்சனும் ஸ்டூவர்ட் கோல்ஸும் 1997 இல் வெளியிட்ட ஆய்வுக் கட்டுரை, இந்த எளிய பரவல் 0-0, 1-1 போன்ற குறைந்த கோல் முடிவுகளில் சறுக்குவதைச் சுட்டிக்காட்டி அதற்கொரு திருத்தமும் தந்தது. இன்று அந்தத் திருத்தம் எல்லோரிடமும் இருப்பதால் அதனால் மட்டும் யாருக்கும் அனுகூலம் இல்லை. 2023-24 பிரீமியர் லீக்கில் 380 ஆட்டங்களில் 1,246 கோல்கள், ஆட்டத்துக்கு 3.28 என்ற சராசரியில் விழுந்தன. அந்தப் பருவத்தின் பிற்பாதியில் கோல்கள் அதிகம் விழுகின்றன என்பதைக் கண்டுபிடித்தவர்கள் ஏராளம். சந்தை அதை அவர்களுக்கு முன்பே விலையில் ஏற்றிவிட்டிருந்தது.

அப்படியானால் ஒருவர் தமக்கு உண்மையிலேயே அனுகூலம் இருக்கிறதா என்று எப்படி அறிவது? லாப நட்டக் கணக்கு இதற்குப் போதாது என்பதே இந்தத் துறையின் மிகச் சங்கடமான உண்மை. ஒவ்வொரு பந்தயத்திலும் 3 சதவீத அனுகூலம் உள்ளவர் 1.95 என்ற விலையில் ஒரே அளவான தொகையை ஆயிரம் முறை கட்டினால், அந்தத் தொகையைப் போல் 30 மடங்கு லாபம் எதிர்பார்க்கலாம். ஆனால் அந்த ஆயிரம் பந்தயங்களுக்கான திட்ட விலக்கமும், அதாவது முடிவு எதிர்பார்ப்பிலிருந்து வழக்கமாக விலகும் அளவும், ஏறக்குறைய 31 மடங்காகவே இருக்கிறது. ஆகவே, உண்மையான அனுகூலம் கொண்டவர்களிலும் ஆறில் ஒருவர் ஆயிரம் பந்தயங்களுக்குப் பின்னும் நட்டத்தில் நிற்பார். அனுகூலமே இல்லாத பலர் அதே நேரத்தில் லாபத்தில் நின்று, தங்கள் முறையைப் பிறருக்குக் கட்டணத்துக்கு விற்றுக்கொண்டிருப்பார்கள்.

இதற்கு நான் நம்பும் அளவுகோல் இறுதி விலை. ஆட்டம் தொடங்கும் நொடியில் நிலவும் விலையில், காயங்கள், அணிப் பட்டியல், வானிலை, பெருந்தொகை கட்டுபவர்களின் கருத்து என அதுவரை கிடைத்த தகவல் அனைத்தும் சேர்ந்திருக்கும். வெள்ளிக்கிழமை 2.20க்கு வாங்கிய ஒன்று சனிக்கிழமை ஆட்டம் தொடங்கும்போது 2.10 ஆக இறங்கியிருந்தால், அந்த ஆட்டத்தின் முடிவு எதுவானாலும் அது நல்ல கொள்முதல். இந்த ஒப்பீட்டில் ஏற்ற இறக்கம் மிகக் குறைவு என்பதால், சில நூறு பந்தயங்களிலேயே ஓரளவு உறுதியான பதில் கிடைத்துவிடுகிறது. தொடர்ந்து இறுதி விலையைவிட மோசமான விலையில் வாங்கிக்கொண்டே லாபத்தில் இருப்பவருக்கு அதிர்ஷ்டம் கைகொடுத்திருக்கிறது என்றே கொள்ள வேண்டும்.

இனிச் சந்தைகளைப் பற்றி. பிரீமியர் லீக்கின் வெற்றி, தோல்வி, டிரா சந்தையில் நான் இப்போது ஏறக்குறைய எதுவும் செய்வதில்லை. பிரைட்டன் அணியின் உரிமையாளர் டோனி புளூமும், பிரென்ட்ஃபோர்டு அணியின் உரிமையாளர் மேத்யூ பென்ஹமும் பந்தயக் கணிப்புத் தொழிலிலிருந்து வந்தவர்கள். அவர்களுடையதைப் போன்ற ஆய்வு நிறுவனங்கள் விலையைச் செதுக்கும் ஒரு சந்தையில், மாலையில் வீட்டில் உட்கார்ந்து கணக்குப் போடும் எனக்கு மிச்சம் என்ன இருக்கப்போகிறது? இதற்கு மாறாக, லீக் டூ, நேஷனல் லீக் போன்ற கீழ்நிலைத் தொடர்களில் விலை தவறுவதை அடிக்கடி காண்கிறேன். கோல்கீப்பர் காயமடைந்த செய்தியும், மைதானம் சேறாகிக் கிடக்கும் செய்தியும் விலையில் ஏறுவதற்குக் கணிசமான நேரம் பிடிக்கிறது. ஆனால் அந்த விலையில் காத்திருக்கும் தொகையோ சில பத்துப் பவுண்டுகள்தான். அதற்கு மேல் கட்ட முயன்றால், நம்முடைய பணமே விலையை நகர்த்திவிடும். தவறான விலை அங்கே நீடிப்பதற்குக் காரணமே அதைத் திருத்துவதால் யாருக்கும் பெரிய லாபம் இல்லை என்பதுதான்.

பெரிய சந்தைகள் தடுமாறுவது, கடந்தகாலத் தரவு திடீரெனச் செல்லாமல்போகும் காலங்களில். பெருந்தொற்றுக்குப் பின் 2020 மே 16 அன்று ஜெர்மனியின் பண்டஸ்லிகா வெற்று அரங்குகளில் மீண்டும் தொடங்கியபோது, முதல் சுற்றின் ஒன்பது ஆட்டங்களில் உள்ளூர் அணி வென்றது ஒன்றில் மட்டுமே. ஒரு சுற்றை வைத்து எதையும் முடிவு செய்ய முடியாது என்றாலும், பார்வையாளர் கூட்டம் இல்லாமல் உள்ளூர் அனுகூலத்தின் அளவு என்ன என்று அப்போது யாரிடமும் நம்பகமான எண் இருக்கவில்லை. ஒரு மாதம் கழித்து ஜூன் 17 அன்று பிரீமியர் லீக் திரும்பியபோது, விலை வைப்பவர்களின் கையில் ஜெர்மனியின் தரவு இருந்தது.

டெஸ்ட் கிரிக்கெட்டின் டிரா சந்தை இதற்கு இன்னும் சுவையான உதாரணம். 2022 மார்ச்சில் ராவல்பிண்டியில் பாகிஸ்தானும் ஆஸ்திரேலியாவும் ஆடிய டெஸ்டில் ஐந்து நாட்களில் விழுந்தவை 14 விக்கெட்டுகள், ஆட்டம் டிரா. அதே மைதானத்தில் அதே ஆண்டு டிசம்பரில் இங்கிலாந்து ஆட வந்தபோது, ஆடுகளத்தை மட்டும் பார்த்தவருக்கு மீண்டும் டிராதான் தோன்றியிருக்கும். பென் ஸ்டோக்ஸின் அணியோ முதல் நாளிலேயே 4 விக்கெட் இழப்புக்கு 506 ரன் குவித்து, பின்னர் இரண்டாம் இன்னிங்ஸை 264 ரன்னில் முடித்துக்கொண்டு பாகிஸ்தானுக்கு 343 ரன் இலக்கு வைத்து, ஐந்தாம் நாள் மாலை மங்கும் வெளிச்சத்தில் 74 ரன் வித்தியாசத்தில் வென்றது. அணித்தலைவர் ஸ்டோக்ஸ், பயிற்சியாளர் மெக்கல்லம் கூட்டணியின் முதல் டிரா, 2023 ஜூலையில் மான்செஸ்டரில் மழை தந்ததுதான். ஆடுகளத்தைவிட அணித்தலைவரின் மனப்போக்குக்கு விலை வைக்கத் தெரிந்தவர்களுக்கு அந்தக் குளிர்காலத்தில் டிராவை எதிர்த்து நிற்பது நியாயமான வாய்ப்பாக இருந்தது. அது நீடிக்கவில்லை, எல்லோருக்கும் தெரிந்த கதையாக மாறிய ஒன்றில் அனுகூலம் மிச்சமிருப்பதில்லை. கிரிக்கெட்டில் ஆட்டம் நடக்கும்போதே பந்தயம் கட்டுபவர்களுக்கு ஓர் எச்சரிக்கை: தொலைக்காட்சிப் படம் மைதானத்தைவிடச் சில விநாடிகள் பின்தங்கியே வருகிறது, மைதானத்திலேயே அமர்ந்திருப்பவர் எதிர்ப்பக்கத்தில் இருக்கலாம்.

வாய்ப்புக் குறைந்தவற்றுக்கு மக்கள் மிகையான விலை கொடுக்கிறார்கள் என்பது குதிரைப் பந்தயத்தில் நெடுங்காலமாக அறியப்பட்ட ஒன்று. ஆகவே அவற்றை எதிர்த்து லே செய்வது எளிய வழி என்று பலர் பரிந்துரைக்கிறார்கள். 50 என்ற விலையில் இரண்டு பவுண்டை லே செய்தால், இழக்கக்கூடியது 98 பவுண்டு. 2015-16 பருவத் தொடக்கத்தில் 5000க்கு 1 என்று விலை வைக்கப்பட்டிருந்த லெஸ்டர் சிட்டி சாம்பியன் ஆன கதையை லே செய்பவர்கள் எவரும் மறக்கக் கூடாது. பல ஆட்டங்களை ஒரே சீட்டில் கோக்கும் அக்குமுலேட்டரைப் பற்றி அதிகம் சொல்லத் தேவையில்லை: ஒவ்வொரு ஆட்டத்திலும் 5 சதவீதமாக இருக்கும் புக்மேக்கரின் பங்கு, நான்கு ஆட்டங்களைக் கோத்ததும் பெருகி, கட்டிய தொகையில் ஏறக்குறைய 18 சதவீதத்தை எடுத்துக்கொள்கிறது. விளம்பரங்களில் அதிகம் தென்படுவது அதுவே என்பதில் வியப்பில்லை.

எவ்வளவு கட்டுவது என்பதற்கு, பெல் ஆய்வகத்தைச் சேர்ந்த ஜான் கெல்லி 1956 இல் தந்த சூத்திரத்தையே பெரும்பாலானோர் பயன்படுத்துகிறார்கள். 2.00 என்ற விலையில் வெற்றி வாய்ப்பு 53 சதவீதம் என்று கணித்தால், கையிருப்பில் 6 சதவீதம் கட்டச் சொல்லும் அந்தச் சூத்திரம், கணிப்பு பிழையற்றது என்று எடுத்துக்கொள்கிறது. உண்மை வாய்ப்பு 50 என்றிருந்தால் அந்த 6 சதவீதமும் வெறும் சூது. என் கணிப்பில் எனக்கிருக்கும் நம்பிக்கையின் அளவுக்கேற்ப நான் அதில் கால் பங்கை மட்டுமே கட்டுகிறேன். தொடர்ந்து தோற்கும் வாரங்களைத் தாங்குவதற்கு அதுவே போதுமான அளவாக இருந்துவருகிறது.

புக்மேக்கர்களிடம் கணக்கு வைத்துக்கொண்டு இதைச் செய்ய முடியாதா என்று கேட்பவர்களுக்கு: சில காலம் முடியும். இறுதி விலையைவிட நல்ல விலையைத் தொடர்ந்து வாங்குபவரை அவர்கள் விரைவில் அடையாளம் காண்கிறார்கள். என் கணக்கு ஒன்றில் கட்டக்கூடிய உச்சத்தொகை சில பென்ஸாகக் குறைக்கப்பட்டது. இதைச் சட்டம் தடுப்பதில்லை. பரிமாற்றகத்தில் அந்தச் சிக்கல் இல்லை, ஆனால் அங்கும் வெற்றிக்கு விலை உண்டு. மிக அதிகமாக லாபம் ஈட்டுபவர்களிடம் கூடுதலாக வசூலித்த பிரீமியம் கட்டணத்தைப் பெட்ஃபேர் 2008 இல் கொண்டுவந்து, 2011 இல் அதன் உச்ச வீதத்தை 60 சதவீதமாக உயர்த்தியது. 2025 தொடக்கத்தில் அதன் இடத்தை வேறொரு கட்டணம் பிடித்தது. என்னைப் போன்ற சிறு தொகைக்காரர்களை இவை தொடுவதில்லை.

பணம் போடுவதிலும் எடுப்பதிலும் குறை சொல்ல ஒன்றுமில்லை. 2020 ஏப்ரல் முதல் பிரிட்டனில் கிரெடிட் கார்டில் பந்தயம் கட்ட முடியாது. மாத வரம்பை நாமே நிர்ணயித்துக்கொள்ளும் வசதியைக் கணக்கு தொடங்கிய நாளிலேயே அமைத்துக்கொள்வதைப் பரிந்துரைக்கிறேன். 2025 பிப்ரவரி இறுதியிலிருந்து, மாதத்துக்கு 150 பவுண்டுக்கு மேல் நிகரமாகப் போடுபவரின் நிதிநிலையைப் பொதுப் பதிவேடுகளைக் கொண்டு நிறுவனம் சரிபார்க்க வேண்டும். புதிதாக வருபவர் ஒரு பருவம் முழுவதும் பணமே போடாமல், தாம் வாங்கியிருக்கக்கூடிய விலையை நேரத்தோடு குறித்துவைத்து, இறுதி விலையோடு ஒப்பிட்டுப் பார்க்கலாம். முக்கியமான ஐரோப்பியத் தொடர்களுக்கான பழைய விலைகள் ஃபுட்பால்-டேட்டா தளத்தில் இலவசக் கோப்புகளாகவே கிடைக்கின்றன.