தாய்லாந்தின் 90 நாள் முகவரி அறிவிப்பு: இணையச் சேவை எப்படி?

தாய்லாந்தில் ஓய்வுக்கால விசாவில் வாழும் வெளிநாட்டவர், நாட்டைவிட்டு வெளியேறாமல் தொடர்ந்து 90 நாள்கள் தங்கினால், தம் முகவரியை டிஎம் 47 படிவத்தின் வழியே குடிவரவுத் துறைக்குத் தெரிவிக்க வேண்டும். கட்டணம் இல்லை, நேரில் செல்வோருக்குக் கெடு நாளுக்கு முன் 15 நாள்களும் பின் 7 நாள்களும் அவகாசம் உண்டு, அதையும் தவறவிட்டால் 2,000 பாத் அபராதம். அத்துறையின் இணையச் சேவை, வரிசையில் நிற்க இயலாத முதியோருக்குப் பெரும் வசதி என்பதால் தயங்காமல் பரிந்துரைக்கிறேன். ஆயினும் பாஸ்போர்ட்டைப் புதுப்பித்தவர்கள் முதல்முறை நேரில்தான் செல்ல வேண்டும் என்ற விதி, இணைய வசதியின் நோக்கத்துக்கே முரணாகத் தோன்றுகிறது. வெளிநாட்டவர் வந்து தங்கிய 24 மணி நேரத்துக்குள் வீட்டு உரிமையாளர் அளிக்க வேண்டிய டிஎம் 30 அறிவிப்பு இதனின்று வேறானது; அதை அவர் அளித்துவிட்டாரா என்று கேட்டு உறுதிசெய்துகொள்வது நல்லது.