வாடகை ஒப்பந்தப் பதிவு இணையதளம்: சிறிய வீட்டில் வாடகைக்கு இருப்பவருக்கு என்ன லாபம்?

தமிழ்நாடு அரசின் வாடகை ஒப்பந்தப் பதிவுச் சேவையைப் பயன்படுத்தலாமா என்று கேட்டால், பயன்படுத்தலாம். ஆனால் வாடகை குறையும் என்று நம்பிப் போகிறவருக்கு ஏமாற்றம்தான் மிஞ்சும். வாடகை எவ்வளவு என்பதில் இந்தச் சேவைக்குப் பங்கே இல்லை. பேசிய வாடகைக்கும் கொடுத்த அட்வான்ஸுக்கும் சாட்சி உண்டாக்கித் தருவது மட்டுமே இதன் வேலை.

பழைய 1960-ஆம் ஆண்டு வாடகைக் கட்டுப்பாட்டுச் சட்டத்தில் ‘நியாய வாடகை’ என்று ஒன்று இருந்தது. சொத்தின் மதிப்பில் ஆண்டுக்கு, குடியிருப்புக்கு 9 சதவீதம், கடைக்கு 12 சதவீதம் என்று கணக்குப் போடுவார்கள். மனை விலை ஏற ஏற அந்தக் கணக்கும் குடியிருப்பவருக்கு எதிராகவே திரும்பியது என்பது வேறு விஷயம். 2017-இல் இயற்றி 2019 பிப்ரவரி 22 முதல் அமலான புதிய சட்டம் அதை எடுத்துவிட்டது. இருவரும் ஒப்பந்தத்தில் எழுதிக்கொண்ட தொகைதான் இப்போது வாடகை. ஆகவே எல்லாமே அந்தத் தாளில் என்ன எழுதியிருக்கிறது என்பதில் வந்து நிற்கிறது.

11 மாத ஒப்பந்தம் போட்டால் பதிவு தேவையில்லை என்று புரோக்கர்கள் இன்னும் சொல்கிறார்கள். அது பத்திரப்பதிவு அலுவலகத்துக்குப் பொருந்தும் பேச்சு. புதிய வாடகைச் சட்டத்தின் கீழ் எத்தனை மாதமானாலும் ஒப்பந்தம் எழுத்தில் இருக்க வேண்டும். 90 நாளுக்குள் வாடகை அதிகாரியிடம் பதிவாக வேண்டும். வாடகை அதிகாரி என்பவர் துணை ஆட்சியர் நிலைக்குக் குறையாதவர். பதிவானதும் ஒரு பதிவு எண் கிடைக்கும். பின்னாளில் தகராறு வந்தால் முதலில் கேட்கப்படுவது அந்த எண்தான்.

இந்தப் பதிவுக்காக ஒப்பந்தத்தை இணையதளத்தில் ஏற்றும் வேலை பெரிதல்ல. கையெழுத்தான ஒப்பந்தம், இரு தரப்பின் அடையாளச் சான்றுகள், முகவரி விவரம் ஆகியவற்றைத் தெளிவாக ஸ்கேன் செய்து வைத்துக்கொண்டு உட்கார்ந்தால் போதும். சிக்கல் வருவது பொருந்தாத விவரங்களால். சென்னையில் பழைய எண், புதிய எண் என்று ஒரே வீட்டுக்கு இரண்டு கதவு எண்கள் உண்டு; ஒப்பந்தத்தில் ஒன்று, ஈ.பி. அட்டையில் மற்றொன்று என்றால் கேள்வி வரும். இரண்டையும் எழுதிவிடுவது நல்லது. சொத்து அப்பா பெயரில், வாடகை வாங்குவது மகன் என்றால், எந்த அதிகாரத்தில் மகன் கையெழுத்திடுகிறார் என்பதை ஒப்பந்தத்திலேயே சொல்ல வேண்டும். மாடியில் நான்கு போர்ஷன் இருந்தால் எந்தப் போர்ஷன் என்பதும் வேண்டும். ‘முதல் மாடி’ என்று மட்டும் எழுதினால் அடுத்த வீட்டுக்காரரின் ஒப்பந்தத்தோடு குழம்பும்.

அட்வான்ஸ் விஷயத்தில்தான் பலர் ஏமாறுகிறார்கள். மூன்று மாத வாடகைக்கு மேல் வாங்கக் கூடாது என்று சட்டம் சொல்கிறது, சரி. அதே வரியின் தொடக்கத்தில், ஒப்பந்தத்தில் வேறுவிதமாக எழுதிக்கொண்டால் தவிர, என்றும் இருக்கிறது. பத்து மாத அட்வான்ஸுக்குக் கையெழுத்துப் போட்டுவிட்டுப் பிறகு மூன்று மாதக் கணக்கைச் சொல்லி வாதாட முடியாது. பேரம் பேச வேண்டியது கையெழுத்துக்கு முன்னால். கொடுப்பதை வங்கி வழியாகக் கொடுங்கள். ரொக்கமாகத்தான் வேண்டும் என்றால் தொகையும் தேதியும் ஒப்பந்தத்தில் ஏற வேண்டும். கறுப்பாகப் பாதி, வெள்ளையாகப் பாதி என்று பிரித்தால், எழுதாத பாதிக்கு எந்தப் பதிவு எண்ணும் உதவாது.

மின்கட்டணமும் அப்படித்தான். வீட்டு இணைப்புக்கு இரண்டு மாதத்துக்கு முதல் 100 யூனிட் இலவசம். ஒரே மீட்டரில் சப் மீட்டர் போட்டு யூனிட்டுக்கு ஒரே விலை வாங்கும் வீட்டில் அந்தச் சலுகை குடியிருப்பவரின் கணக்குக்கு வந்து சேர்வதில்லை. குறைந்த வாடகைக் குடும்பத்துக்கு இது மறைமுகமான வாடகை உயர்வு. தனி மீட்டரா, யூனிட் என்ன விலை, தண்ணீருக்கும் மெயின்டனன்ஸுக்கும் எவ்வளவு என்பதை எழுதி வாங்கிய பிறகே பதிவு செய்ய வேண்டும்.

சேவையின் நல்ல பகுதி, சண்டை வந்த பிறகு தெரியும். காலி செய்ய வைப்பதற்காகத் தண்ணீரையோ மின்சாரத்தையோ நிறுத்தினால் வாடகை அதிகாரியிடம் மனு கொடுக்கலாம். வாடகையை வாங்க மறுத்துவிட்டு, பாக்கி என்று பிறகு வழக்குப் போடுவது பழைய தந்திரம். அப்போது வாடகையை அனுப்பியதற்கான ஆதாரத்தை வைத்துக்கொண்டு அதிகாரியிடமே தொகையைக் கட்டவும் வழி இருக்கிறது. அமைதியாக இருந்தால் மாதங்கள் ஓடி, பாக்கியே காலி செய்யக் காரணமாகிவிடும்.

பெரிய குறை, இந்தப் பாதுகாப்பு அதிகம் தேவைப்படுகிறவருக்கே இது எட்டவில்லை என்பது. லைன் வீடுகளிலும் ஒற்றை அறைகளிலும் வாய்ப்பேச்சுதான் ஒப்பந்தம். புதிய சட்டத்தில் எழுத்து ஒப்பந்தம் செய்துகொள்ளாமல் இருப்பதே வீட்டைக் காலி செய்யக் கேட்பதற்கு ஒரு காரணம். கையெழுத்துப் போட மறுப்பவர் வீட்டுக்காரராக இருந்தாலும் வீட்டை இழப்பவர் குடியிருப்பவர். இதைச் சட்டத்தின் ஓட்டை என்றே சொல்வேன். ஒப்பந்தம் கேட்டு ஒரு கடிதம் எழுதிப் பதிவுத் தபாலில் அனுப்பி, ஒப்புகை அட்டையைப் பத்திரப்படுத்துவது அந்த நிலையில் இருப்பவருக்குக் குறைந்தபட்சக் காப்பு.

11 மாதம் முடிந்து புது ஒப்பந்தம் போட்டால் அதையும் பதிய வேண்டும். பழைய எண் பழைய ஒப்பந்தத்துக்கு மட்டுமே. இதைத்தான் பெரும்பாலும் மறந்துவிடுகிறார்கள். காலி செய்த ஒரு மாதத்துக்குள் அட்வான்ஸ் திரும்ப வேண்டும், நியாயமான பிடித்தம் போக. பெயின்ட் அடிக்க ஒரு மாத வாடகை என்று பிடிப்பது ஊர் வழக்கம். ஒப்பந்தத்தில் அப்படி ஒரு வரி இருந்தால் கையெழுத்துக்கு முன்பே அந்த வரியை நீக்கச் சொல்லுங்கள். குடிபோகும் நாளிலேயே சுவர், குழாய், மீட்டர் எண் ஆகியவற்றைப் படம் எடுத்து வீட்டுக்காரருக்கு வாட்ஸ்அப்பில் அனுப்பிவிடுங்கள்.