“ராத்திரி முழுக்க ஓடும்” என்று சொல்லி மோட்டார்ஹோம் படுக்கையறையில் ஏசி மாட்டிவிட்டார்கள்: ஏமாந்த கதை

மோட்டார்ஹோம் (படுக்கை, சமையல் மேடை எல்லாம் உள்ளேயே இருக்கும் வண்டி) வைத்திருப்பவர்கள், அதிலும் படுக்கையறை புழுங்குகிறது என்று வண்டியைப் பட்டறையில் விடப் போகிறவர்கள், இதைப் படித்துவிட்டுப் போங்கள். நான் யாரையும் கேட்காமல் போய் மாட்டிக்கொண்டவன். காசு போனது, மெத்தை போனது, அதைவிடப் பெரியது ஒன்றும் போயிருக்கும்.

எங்கள் வண்டியில் படுக்கை பின்கோடியில் இருக்கிறது. மூன்று பக்கமும் சுவர், படுத்தபடி கையை நீட்டினால் கூரை தட்டும். பகலெல்லாம் வெயில் குடித்த கூரை ராத்திரி பத்து மணிக்கும் சூட்டைக் கக்கிக்கொண்டே இருக்கும். தலைக்கு நேர் மேலே 14 அங்குலச் சதுரத்தில் ஒரு திறப்பு, கையால் சுழற்றித் திறக்கிற மூடி, ஃபேன் கிடையாது. அதைத் திறந்து வைத்தாலும் தூங்க முடியவில்லை, ஏதாவது செய்யுங்கள் என்றுதான் போனேன்.

பட்டறைக்காரர் உள்ளே ஏறி ஐந்து நிமிஷம்கூட நிற்கவில்லை. “ஃபேனெல்லாம் எதுக்கு சார், அதே ஓட்டையில ஏசியை உட்கார வச்சிடலாம், கூரையை வெட்டவே வேண்டாம், ரெண்டு பேட்டரியும் ஒரு இன்வெர்ட்டரும் போட்டா ராத்திரி முழுக்க ஓடும்” என்றார். கூரையை வெட்ட வேண்டாம் என்ற வார்த்தையில் நான் விழுந்துவிட்டேன். அந்த அறையில் இருந்த ஒரே கூரைத் திறப்பை நிரந்தரமாக அடைக்கச் சம்மதிக்கிறேன் என்பது அப்போது உறைக்கவே இல்லை.

முதல் ராத்திரி சில்லென்று ஆரம்பித்தது, மனைவி போர்வைகூடக் கேட்டாள். நாற்பது நிமிஷம் ஆகியிருக்கும், இன்வெர்ட்டர் கீச்கீச்சென்று கத்திவிட்டு அணைந்துவிட்டது. சரி, பேட்டரி சரியாக சார்ஜ் ஏறவில்லை போல என்று மறுநாள் முழுக்க சார்ஜ் ஏற்றிப் பார்த்தேன், அன்றைக்கும் அதே நாற்பது நிமிஷம்தான்.

பிறகுதான் காகிதத்தை எடுத்துக் கணக்குப் போட்டேன், பட்டறைக்குப் போகும் முன்பே போட்டிருக்க வேண்டிய கணக்கு. 13,500 பிடியு (ஏசியின் குளிர்விக்கும் திறனைச் சொல்லும் அளவு) ஏசி, கம்ப்ரெஸர் ஓடும்போது சுமார் 1,300 வாட் இழுக்கிறது. மாட்டியது 12 வோல்ட், 100 ஆம்ப்-ஹவர் லெட்-ஆசிட் பேட்டரி இரண்டு. பெருக்கினால் 2,400 வாட்-ஹவர் வரும். ஆனால் லெட்-ஆசிட்டில் பாதிக்குக் கீழே அடிக்கடி இறக்கினால் பேட்டரி சீக்கிரம் செத்துவிடும், ஆகக் கையில் இருப்பது 1,200. இன்வெர்ட்டர் தன் பங்குக்குக் கொஞ்சம் தின்னும். போதாததற்கு, 1,300 வாட்டை 12 வோல்ட்டிலிருந்து எடுப்பதால், 100 ஆம்ப்புக்கு மேல் ஒரேயடியாக உறிஞ்சினால் இந்த வகை பேட்டரி மூடியில் எழுதியிருக்கும் அளவைக் கொடுக்கவே கொடுக்காது. நாற்பது நிமிஷம் வந்ததே பெரிசு. கம்ப்ரெஸர் பாதி நேரம்தான் ஓடும் என்று தாராளமாக வைத்துக்கொண்டாலும் 8 மணி நேரத்துக்கு 5,000 வாட்-ஹவருக்கு மேல் வேண்டும். கூரையில் இருக்கும் 200 வாட் சோலார் பேனல் நல்ல வெயில் நாளில் ஒரு 1,000 கொடுத்தால் அதிகம். இந்தப் பெருக்கல் அந்த மனிதருக்குத் தெரியாது என்று என்னால் நம்ப முடியவில்லை, தினமும் இதே வேலைதானே செய்கிறார்!

திரும்பப் போனேன். பேட்டரியைப் பற்றி ஒரு வார்த்தை பேசவில்லை. “உங்க வண்டியில காத்து கசியுது சார், குளிரெல்லாம் வெளிய போயிடுது” என்று சொல்லிவிட்டு, பையனை அனுப்பி, ஃபோம் டப்பாவை வைத்து உள்ளே கண்ணில் பட்ட சந்துகளையெல்லாம் அடைத்துவிட்டார். அதற்கும் தனியாகக் காசு வாங்கினார், நானும் கொடுத்தேன்.

அதற்கப்புறம் வெளிக் கரண்ட் கிடைக்கிற இடமாகப் பார்த்து நிறுத்தி ஏசியை ஓட்டினோம். குளிர்ந்தது, ஆனால் விடிந்து எழுந்தால் இருவருக்கும் தலை கனமாக இருந்தது. கூரை ஏசி வெளிக்காற்றை உள்ளே கொண்டுவருவதில்லை, அறைக்குள் இருக்கும் காற்றையேதான் சுற்றிச் சுற்றிக் குளிர்விக்கிறது என்பது எனக்கு அதுவரை தெரியாது. கரண்ட் இல்லாத ராத்திரிகள் இன்னும் மோசம். மூடியும் போய்விட்டது, சந்துகளும் அடைபட்டுவிட்டன, இரண்டு பேர் விடுகிற மூச்சு எங்கே போகும்? விடியற்காலையில் ஜன்னல் கண்ணாடியிலிருந்து நீர் கோடுகோடாக வழிந்து தலையணை ஓரத்தை நனைத்திருக்கும். இரண்டு வாரம் கழித்து மெத்தையைத் தூக்கினால் அடியில் கறுப்புப் புள்ளிகள், கை வைத்தால் பிசுபிசுப்பு, பழைய துணிமூட்டையின் நாற்றம்.

இதுவரைக்கும் வெறும் காசு நஷ்டம் என்றுதான் நினைத்திருந்தேன். ஒருநாள் பக்கத்தில் வண்டி நிறுத்தியிருந்த பெரியவர் ஒருவர் பேச்சுவாக்கில் உள்ளே எட்டிப் பார்த்தார், அடுப்புக்குக் கீழே இருந்த அலமாரியைத் திறந்தார், அப்படியே நின்றுவிட்டார். “தம்பி, இதை யார் அடைச்சது?” தரையில் கைக்குட்டை அளவுக்கு ஒரு துவாரம், ஜல்லடைத் தகடு போட்டது, அதன்மேல் மஞ்சள் ஃபோம் பொங்கி இறுகிக் கிடந்தது. சமையல் கேஸ் காற்றைவிடக் கனம், கசிந்தால் மேலே போகாமல் தரையில் தேங்கும், அது வெளியேறுவதற்காகத்தான் வண்டி செய்தவர்கள் அந்த ஓட்டையை விட்டிருக்கிறார்கள். சமையல் மேடைக்கு மேலே இருந்த காற்றோட்டத் துளைகளையும் அந்தப் பையன் விட்டுவைக்கவில்லை. அடைத்த வண்டிக்குள் அடுப்பு சரியாக எரியாமல் கார்பன் மோனாக்சைடு கிளம்பினால் வாசனைகூட வராது, தூக்கத்திலேயே முடிந்திருக்கும். அன்றைக்கே உட்கார்ந்து அத்தனை ஃபோமையும் கத்தியால் சுரண்டி எடுத்தேன், என் கை நடுங்கியதை அவர் பார்த்தும் பார்க்காத மாதிரி இருந்தார். கேஸ் அலாரம் ஒன்று தரையருகிலும், கார்பன் மோனாக்சைடு அலாரம் ஒன்று படுக்கைப் பக்கமும் மாட்டியிருக்கிறேன். வேறெதையும் செய்யாவிட்டாலும் இந்த இரண்டையும் மாட்டிவிடுங்கள்.

பட்டறையில் பணம் திரும்பக் கேட்டேன். பில்லில் ‘ஏசி பொருத்தியது’ என்று மட்டும்தான் இருந்தது, எத்தனை மணி நேரம் ஓடும் என்று ஒரு வரி இல்லை. வாயால் சொன்னதற்கு என்ன சாட்சி? ஃபோம் அடைத்த கூலியை மட்டும் திருப்பிக் கொடுத்தார், அதுவும் ஏதோ பிச்சை போடுகிற முகத்தோடு.

பெரியவர் சொன்ன வழியில்தான் இப்போது தூங்குகிறோம். ஏசியை வண்டியின் நடுப்பகுதியில் இருந்த இன்னொரு 14 அங்குலத் திறப்புக்கு மாற்றிவிட்டோம் (40 கிலோ கனம், தனியாளாக முயற்சி செய்யாதீர்கள்), வெளிக் கரண்ட் இருந்தால் மட்டும் போடுவோம். படுக்கைக்கு மேலே 12 வோல்ட் கூரை ஃபேன், காற்றை வெளியே தள்ளும்படி வைத்திருக்கிறோம். மெதுவான வேகத்தில் அரை ஆம்ப்தான் இழுக்கிறது, விடிய விடிய ஓடினாலும் 4 ஆம்ப்-ஹவர். இதில் ஒரு சூட்சுமம் இருக்கிறது. முன்பக்க ஜன்னல்களையெல்லாம் மூடிவிட்டு, இடையில் இருக்கும் கதவையும் சாத்திவிட்டு, கால்மாட்டில் தாழ்வாக இருக்கும் ஜன்னலை மட்டும் நாலு விரல் திறக்க வேண்டும். ஃபேன் உறிஞ்சும் காற்று முழுக்க அந்த வழியாக நுழைந்து உடம்பின்மேல் தவழ்ந்துவிட்டுத்தான் மேலே போகும். எல்லா ஜன்னலையும் திறந்து வைத்தால் காற்று ஃபேனுக்குப் பக்கத்தில் இருக்கும் ஜன்னல் வழியாக வந்து அப்படியே ஓடிவிடும், படுத்திருப்பவருக்கு ஒன்றும் தெரியாது. அடுப்போ கேஸ் ஹீட்டரோ எரியும்போது மட்டும் ஜன்னல் திறக்காமல் இந்த ஃபேனைப் போடவே கூடாது, புகையை உள்ளே இழுத்துவிடும். அப்புறம் மெத்தைக்கு அடியில் பலகையை எடுத்துவிட்டு இடைவெளி விட்ட சட்டங்கள் போட்டோம், நீர் கோப்பது நின்றுவிட்டது. பொசுக்குகிற ராத்திரியில் இது ஏசி ஆகாதுதான், வெளியே இருக்கும் சூட்டுக்குக் கீழே ஃபேனால் இறக்க முடியாது, ஆனால் சூரியன் இறங்கினதும் ஃபேனைப் போட்டு கூரையின் சூட்டை வெளியே தள்ளிவிட்டால் படுக்கப் போகும்போது அறை அறையாக இருக்கிறது.

ஒரு வேலை பாக்கி. ஏசியின் அடியில், தண்ணீர் இறங்காமல் தடுக்க வரும் மெத்தென்ற கேஸ்கெட் பட்டையை நாலு போல்ட்டையும் சமமாக முறுக்கி அழுத்த வேண்டும், அதற்குச் சோம்பல்பட்டு பட்டறையில் சுற்றிலும் சிலிக்கான் பசையை அப்பி வைத்திருந்தார்கள். எங்களுடையது ரப்பர் கூரை, சிலிக்கான் சரியாகப் பிடிக்காது, அது மிச்சம் இருக்கும் இடத்தில் ஓட்டையடைக்கிற வேறு எந்தப் பசையும் ஒட்டாது. புது ஃபேனின் ஒரு மூலையில் இன்னும் சொட்டுகிறது. பிளாஸ்டிக் கத்தியால் கொஞ்சம் கொஞ்சமாகச் சுரண்டுகிறேன், இரண்டு பக்கம் முடிந்திருக்கிறது.