மொறிஸ் மைனரின் வால்வு சீல்கள்: ஐந்து ஆண்டுகளுக்குப் பின்

எங்கள் வீட்டில் நிற்பது 1961ஆம் ஆண்டு மொறிஸ் மைனர் 1000, 948 சிசி எஞ்சின். 1990இல் தொடங்கிய பொருளாதாரத் தடைக் காலத்தில், யாழ்ப்பாணத்தின் ஏனைய பழைய கார்களைப் போல இதுவும் சிறிதளவு பெற்றோலில் ஸ்டார்ட் ஆகி மண்ணெண்ணெயில் ஓடியது. முழுதாக எரியாத மண்ணெண்ணெய் சிலிண்டர் சுவர் வழியே கீழிறங்கி ஒயிலை நீர்க்கச் செய்யும். அந்த ஆண்டுகளின் தேய்மானத்தை இந்த எஞ்சின் பின்னர் நெடுங்காலம் சுமந்தது.

கொக்குவில் ரயில் கடவையில் சில நிமிடங்கள் எஞ்சினை நிறுத்தாமல் காத்திருந்து, கடவை திறந்ததும் புறப்படும்போது, பின்னால் ஒயில் எரியும் நீலப் புகை திரளும். ஐம்பது யார் போவதற்குள் மறைந்துவிடும். பிஸ்ரன் ரிங் தேய்ந்திருந்தால் இழுவையில் ஓடும் நேரமெல்லாம் புகைக்கும். இப்படி விட்டு விட்டுப் புகைப்பதற்குக் காரணம் பெரும்பாலும் வால்வுத் தண்டு ஏறி இறங்கும் குழலான வால்வு கைட்டும், அதனுள் ஒயில் இறங்காமல் தடுக்கும் சீலுமே. காபரேற்றரின் திறப்பு மூடியிருக்கும்போது, எஞ்சினுக்குள் காற்றும் எரிபொருளும் போகும் இன்லெட் குழாயில் வெற்றிடம் வலுக்கிறது. அது வால்வுத் தண்டுக்கும் கைட்டுக்கும் இடையிலுள்ள இடைவெளியால் ஒயிலைக் கீழே உறிஞ்சுகிறது. மலையுள்ள ஊர்களில் நீண்ட இறக்கத்தில் இதைச் சோதிப்பார்கள். நமக்கு இறக்கம் இல்லாததால், பண்ணை வீதியின் நேர்ப்பகுதியில் மூன்றாம் கியரில் அக்சிலறேற்றரை முற்றாக விட்டு, வேகம் தணிந்தபின் மீண்டும் மிதித்துக் கண்ணாடியில் பார்த்தேன். சந்தேகம் உறுதியானது.

2018இல் எஞ்சினை இறக்கிக் கட்டியபோது சீல்களையும் மாற்றினோம். ஆறு மாதத்தில் புகை திரும்பியது. வால்வுகள் அமைந்த எஞ்சினின் மேற்பகுதியான ஹெட்டைக் கழற்றிப் பார்த்தபோது எட்டு இறப்பர் வளையங்களும் கைட்டின் தலையில் இறங்கிக் கிடந்தன, இரண்டு வெடித்திருந்தன. இந்த எஞ்சினுக்கு ஆரம்பத்தில் வந்த சீல், ஸ்பிரிங் தொப்பியைத் தண்டில் பூட்டி நிறுத்தும் வால்வு லொக்குக்குச் சற்றுக் கீழே, அந்தத் தொப்பியின் உள்ளே தண்டைப் பற்றி நிற்கவேண்டிய சிறிய வளையம். ஸ்பிரிங்கையும் தொப்பியையும் வைத்து, அழுத்திப் பிடித்த பிறகே, ஒயிலில் தோய்த்த வளையத்தைத் தண்டின்மேல் ஏற்றி, அதன்மேல் லொக்கைப் போடவேண்டும். பிற்கால எஞ்சின்களில் சீலை முதலில் போட்டுப் பழகிய கைகள் இங்கும் அதையே செய்திருந்தன. இந்த வரிசை மாறினால், வளையம் எவ்வளவு நல்லதாக இருந்தாலும் பயனில்லை.

வளையங்களைச் சரியான முறையில் மாற்றிய பின் புகை குறைந்ததே தவிர நிற்கவில்லை. அப்போதுதான், நாற்பது ஆண்டுகளாக ஓஸ்ரினும் மொறிஸும் பார்த்து வரும் மூத்த மெக்கானிக் ஒருவர் ஒரு வால்வைச் சற்றுத் திறந்த நிலையில் பிடித்து ஆட்டிக் காட்டினார். "தம்பி, கைட் ஆடினா எந்தச் சீலும் நிக்காது. முதல்ல கைட்டை மாத்துவம்" என்றார். தண்டுக்கும் கைட்டுக்கும் இடையே ஓர் அங்குலத்தின் ஆயிரத்தில் இரண்டு மூன்று பங்கு இடைவெளிதான் தேவை; எங்களுடையது கண்ணுக்கே தெரிந்தது. இந்த ஒரு சோதனையை 2018இலேயே செய்திருந்தால் ஒரு ஹெட் கஸ்கெற்றும் பல நாள் உழைப்பும் மிஞ்சியிருக்கும் என்பது இன்றும் எனக்கு வருத்தம்.

2019 முடிவில் எட்டுக் கைட்டுகளையும் மாற்றினோம். புதிய கைட்டின் மையம், வால்வு மூடும்போது அமரும் பழைய இருக்கையின் மையத்தோடு ஒருபோதும் அப்படியே பொருந்தாது. ஆகவே இருக்கைகளையும் மீண்டும் வெட்டி, வால்வுகளை அரைத்து, மண்ணெண்ணெய் ஊற்றிக் கசிவு பார்த்தோம். இன்லெட் கைட்டுகள் நான்கின் தலையையும் லேத்தில் கடைந்து, தொப்பி வடிவ சீல் பற்றிக்கொள்ளும்படி செய்தோம். கடையாத வழுவழுப்பான கைட்டில் அந்த சீல் நிற்காது, தண்டோடு சேர்ந்து மேலேறிவிடும். வால்வை முழுதாகத் திறக்கும் அளவுக்கு அழுத்தி, ஸ்பிரிங் தொப்பி சீலில் முட்டவில்லை என்பதையும் பார்த்துக்கொள்ளவேண்டும். சீலை ஏற்றும்போது தண்டின் நுனிக்கு மெல்லிய பிளாஸ்ரிக் உறை போட்டோம். லொக் பள்ளத்தின் கூரிய விளிம்பு சீலின் உதட்டைக் கீறினால், அந்தக் கீறல் வெளியே தெரியாமலே ஒயிலை விடும்.

முன்னிருந்து எண்ணினால் 2, 3, 6, 7ஆம் வால்வுகளே இன்லெட். புகை வெளியேறும் எக்ஸோஸ்ட் வால்வுகளின் கைட்டுகளுக்குச் சீல் போடவில்லை. அங்கே வெற்றிடத்தின் இழுப்பு இல்லை. சூடேறும் அந்தத் தண்டுக்குச் சிறிதளவு ஒயில் கட்டாயம் வேண்டும்.

கொழும்பில் வாகன உதிரிப்பாகங்கள் விற்கும் பஞ்சிகாவத்தையில் வாங்கக்கூடிய நைற்றைல் சீல்களை விட்டு வைற்றன் சீல்களைத் தேர்ந்தோம். நைற்றைல் இறப்பர் தொடர்ந்த சூட்டில் இறுகிவிடும்; வைற்றன் அதைத் தாங்கும். விலை கூடத்தான், ஆனால் ஹெட்டை மறுபடி கழற்றும் கூலியோடு ஒப்பிட்டால் அது பெரிதில்லை. ஹெட் நட்டுகளை 40 இறாத்தல்-அடிக்கு இறுக்கி, எஞ்சின் சூடேறி ஆறிய பின் மீண்டும் சரிபார்த்து, வால்வு இடைவெளியை 0.012 அங்குலத்தில் வைத்தோம்.

அதன்பின் ஐந்து ஆண்டுகளில் ஏறத்தாழ 24,000 கிலோமீற்றர் ஓடியிருக்கிறது. முன்பு 500 கிலோமீற்றருக்கு ஒரு லீற்றர் ஒயில் விட்டோம். இப்போது 1,000 கிலோமீற்றருக்குக் கால் லீற்றரும் ஆவதில்லை. 2022இல் பெற்றோல் தட்டுப்பாட்டால் கார் மாதக்கணக்கில் கொட்டகையில் நின்றபோது சீல்கள் இறுகிவிடுமோ என்று அஞ்சினேன். ஓடத் தொடங்கிய பின்னும் புகை வரவில்லை. நெடுநாள் நின்று ஸ்டார்ட் செய்யும் காலைகளில் மட்டும் ஒரு நூலளவு நீலம் தெரிகிறது. அது சீல் இல்லாத எக்ஸோஸ்ட் பக்கத்தால் வருவதென்றே கருதுகிறேன். அதை அப்படியே விட்டிருக்கிறேன்.