முதல் செமஸ்டர் ஜி.ஐ.எஸ்.: ஆர்க்ஜிஐஎஸ் புரோவா, கியூஜிஐஎஸ்ஸா?

ஜி.ஐ.எஸ். (புவியியல் தகவல் முறைமை) படிக்கச் சேருகிறவர்கள் முதல் வாரமே கேட்பது, எந்த மென்பொருளில் பழகுவது என்றுதான். அடிபடும் பெயர்கள் இரண்டு. ஒன்று எஸ்ரி நிறுவனத்தின் ஆர்க்ஜிஐஎஸ் புரோ. மற்றது 2002-இல் கேரி ஷெர்மன் தொடங்கிய கியூஜிஐஎஸ். பின்னது இலவசம், மூலநிரலும் திறந்தே இருக்கிறது.

ஒரே பயிற்சியை இரண்டிலும் செய்து பாருங்கள். ஓர் ஏரியின் எல்லைக் கோப்பு கையில் இருக்கிறது, டபிள்யூஜிஎஸ் 84 என்ற உலகப் பொது ஆயத்தொலைவு முறையில், அட்சரேகை தீர்க்கரேகையாக. கரையிலிருந்து 500 மீட்டருக்கு பஃபர், அதாவது சுற்றுவளையம், போட வேண்டும். ஆர்க்ஜிஐஎஸ் புரோவில் 500 மீட்டர் என்று கொடுத்தால் போதும், பூமியின் வளைவையும் கணக்கில் எடுத்துக்கொண்டு அதுவே போட்டுவிடும். கியூஜிஐஎஸ்ஸில் தூரம் கேட்கும் பெட்டிக்குப் பக்கத்தில் ‘டிகிரி’ என்று இருக்கும், கூடவே ஓர் எச்சரிக்கைக் குறி. அதைப் பார்க்காமல் 500 என்று தட்டினால், ஏரியைச் சுற்றி வரவேண்டிய வளையம் உலகப் படத்தையே விழுங்கிவிடும். எங்கள் லேப்பில் பாதிப் பேர் திரையில் அதுதான் வந்தது.

அடிப்படைப் பாடம் அந்த இடத்தில்தான் தொடங்குகிறது என்பேன். டிகிரி ஏன் வந்தது? கோப்பே டிகிரியில் இருப்பதால். மீட்டரில் அளக்க அந்த லேயரை (வரைபட அடுக்கை) யூடிஎம்-க்கு மாற்ற வேண்டும்; அது பூமியை மண்டலங்களாகப் பிரித்து மீட்டரில் இடம் குறிக்கும் முறை. எந்த மண்டலம்? சென்னைக்கு 44, கோயம்புத்தூருக்கு 43. மண்டல எல்லையான 78 டிகிரி தீர்க்கரேகை தமிழ்நாட்டுக்குள்ளேயே ஓடுகிறது. இதை ஒருமுறை தானே தேடிக் கண்டுபிடித்தவர் பிறகு மறப்பதில்லை. ஆர்க்ஜிஐஎஸ் எல்லாவற்றையும் மறைத்துவிடுகிறது என்றும் சொல்ல முடியாது. இதே கோப்பை ஜியோடேட்டாபேஸில் (ஆர்க்ஜிஐஎஸ்ஸின் தரவுத்தளத்தில்) போட்டால், 10 சதுர கிலோமீட்டர் ஏரிக்கு அட்டவணையில் 0.0008 என்று பரப்பு காட்டும். அது சதுர டிகிரி.

ஆர்க்ஜிஐஎஸ்ஸின் பலம் வேறு. ஒவ்வொரு டூலுக்கும் படத்தோடு விளக்கப் பக்கம் உண்டு. டோப்பாலஜி விதிகள் (எல்லைகள் ஒன்றன்மேல் ஒன்று ஏறாமல், இடைவெளி விடாமல் பார்ப்பவை), நெட்வொர்க் அலசல் (சாலை போன்ற வலைப்பின்னல்களில் வழி தேடுவது) இரண்டும் நன்றாக ஒழுங்குபட்டவை. வேலை விளம்பரங்களிலும் இந்தப் பெயரைக் கேட்கிறார்கள். ஆனால் விண்டோஸில் மட்டுமே ஓடும், உரிமமும் பெரும்பாலும் கல்லூரியோடு சேர்ந்தது. படிப்பு முடிந்ததும் லாகின் போய்விட்டால், சொந்த ஊர் வரைபடத்தைத் திறக்கக்கூட வழி இருக்காது. கியூஜிஐஎஸ் லினக்ஸிலும் மேக்கிலும் ஓடுகிறது.

அதனால் முதல் செமஸ்டருக்கு கியூஜிஐஎஸ், அடுத்ததில் ஆர்க்ஜிஐஎஸ் புரோ என்பதே என் முடிவு. அப்படி மாறிப்போகிறவர் பெரும்பாலும் பெயர்களைத்தான் புதிதாகப் பழக வேண்டியிருக்கும். ஆயத்தொலைவுகளை உண்மையிலேயே மாற்றுவதற்கு கியூஜிஐஎஸ்ஸில் ‘ரீப்ரொஜெக்ட் லேயர்’, ஆர்க்ஜிஐஎஸ்ஸில் ‘ப்ராஜெக்ட்’. கோப்பு எந்த ஆயத்தொலைவு முறையில் இருக்கிறது என்று சொல்லி வைப்பதற்கு மட்டும் இங்கே ‘அசைன் ப்ரொஜெக்‌ஷன்’, அங்கே ‘டிஃபைன் ப்ரொஜெக்‌ஷன்’.