விறகு உலையைத் தின்றது கோடைக்காலம்: ஒன்பது ஆண்டு அனுபவம்

வீட்டுக்கு வெளியே நிற்கும் விறகு உலையை ஒன்பது ஆண்டுகளாக வைத்திருக்கிறேன். நெருப்பும் புகையும்தான் அதை அரிக்கும் என்று தொடக்கத்தில் நம்பியிருந்தேன். ஆனால் குளிர்காலம் முழுக்க எரிந்தபோது படாத பாட்டை, கோடையில் சும்மா நின்றபோதுதான் அது பட்டது.

என்னுடையது சாதாரண எஃகு உலை, துருப்பிடிக்காத எஃகு அல்ல. எரியறையைச் சுற்றி ஓர் உறை. அதில் நிற்கும் தண்ணீர்தான் குழாய் வழியே வீட்டுக்குள் போய்ச் சூடு தருகிறது. ஆகவே ஒரே தகட்டுக்கு இரண்டு எதிரிகள்: ஒரு பக்கம் சாம்பல், மறுபக்கம் தண்ணீர்.

முதல் ஆண்டு, கடைசி நெருப்பு அணைந்ததும் கதவைச் சாத்திவிட்டு மறந்துவிட்டேன். குளிர் தொடங்கும்போது திறந்தால், சாம்பல் சேறாகக் கிடந்தது. கரண்டியால் சுரண்டியபோது அடித்தகடு வெங்காயச் சருகுபோல ஏடு ஏடாக வந்தது. புகைபோக்கிக்கு மூடி இருந்ததால் மழை இறங்கியிருக்க வழியில்லை. பிறகுதான் புரிந்தது: உறையில் நிற்கும் பல நூறு லிட்டர் தண்ணீர் இரவில் குளிர்ந்துவிடுகிறது, பகலில் காற்று சூடேறும் வேகத்துக்கு அது சூடேறுவதில்லை. ஈரக்காற்று அந்தக் குளிர்ந்த தகட்டில் பட்டதும், குளிர்ந்த நீர் ஊற்றிய சொம்புபோல எரியறையின் சுவர் வியர்க்கிறது. விறகுச் சாம்பலில் உள்ள பொட்டாசியம் கார்பனேட்டோ காற்றிலிருந்தே ஈரத்தை இழுக்கக்கூடியது. விறகுப் புகை சுவரில் படிந்து உண்டாகும் தாரில் அசிட்டிக் அமிலம் வேறு இருக்கிறது. ஈரம், உப்பு, அமிலம் மூன்றையும் பற்றுப் போட்டதுபோல் இரும்பின்மேல் அப்பி, ஐந்து மாதம் விட்டுவைத்திருக்கிறேன்!

இரண்டாம் ஆண்டு இன்னும் பெரிய தவறு. தண்ணீர் இல்லாவிட்டால் துரு ஏது என்று உறையை முழுவதுமாக வடித்துவிட்டேன். எவ்வளவு வடித்தாலும் மூலைகளில் ஈரம் தங்கத்தான் செய்யும். ஈரமும் தாராளமான காற்றும் கிடைத்தால் இரும்புக்கு வேறென்ன வேண்டும்? அடுத்த பருவத்தில் முதலில் திறந்துவிட்ட தண்ணீர் கடுந்தேநீர் நிறத்தில் வந்தது. போதாக்குறைக்கு, புதிதாக நிரப்பிய தண்ணீர் தன்னோடு கரைந்த ஆக்சிஜனையும் கொண்டுவந்தது. பழைய தண்ணீரில் அந்த ஆக்சிஜன் சூட்டிலேயே பெரும்பாலும் வெளியேறிவிட்டிருக்கும். அன்றிலிருந்து, உறைபனி அச்சமில்லாத கோடையில் உறையை நான் காலியாக வைப்பதே இல்லை. விளிம்புவரை நிரப்பியே வைக்கிறேன்.

நைட்ரைட் கலந்த துருத்தடுப்பு மருந்தைப் பருவத்தின் இறுதியில், கடைசி நெருப்புக்கு முன்பே ஊற்றுகிறேன். சூடும் பம்பும் சேர்ந்து அதை மூலைமுடுக்கெல்லாம் கொண்டுசேர்த்துவிடும். உலை அணைந்தபின் ஊற்றினால் ஊற்றிய இடத்திலேயே கிடக்கும். கோடையின் நடுவில் ஒருமுறை சோதனைக் காகிதத்தைத் தோய்த்துப் பார்ப்பது அவசியம். ஒரு கோடையில் நைட்ரைட் அளவு பாதிக்கும் கீழே இறங்கியிருந்தது, கசிவு எதுவுமில்லை. நைட்ரைட்டை உண்டு வாழும் நுண்ணுயிர்கள் உண்டென்பதை அப்போதுதான் படித்தேன். தேங்கி நிற்கும் தண்ணீரில் அவற்றுக்குக் கொண்டாட்டம். இப்போது மாதம் ஒருமுறை பம்பைச் சிறிது நேரம் ஓடவிடுகிறேன். பம்பும் இறுகிப்போகாமல் இருக்கிறது.

சாம்பல் பக்கத்தில் பெரும் உழைப்பு சுத்தம் செய்வதில்தான். கடைசி இரண்டு நாள் நன்றாகக் காய்ந்த விறகை மட்டும் போட்டு, காற்றைத் தாராளமாகத் திறந்து வேகமாக எரிக்கிறேன். பிசுபிசுத்த தார் காய்ந்து பொருக்காகிவிடும், சுரண்டினால் உதிரும். சாம்பலுக்குள் கனல் நாள்கணக்கில் ஒளிந்திருக்கும் என்பதால் நன்றாக ஆறிய பிறகே கை வைக்கிறேன். முகமூடியும் கையுறையும் இல்லாமல் தலையை உள்ளே விட்டால் தொண்டை எரியும். கதவுக்குக் கீழே உள்ள விளிம்பு, பின்சுவரில் புகை திரும்பும் இடம், தகடுகளை வெல்டிங் செய்து இணைத்த கோடுகள் ஆகியவற்றில்தான் சாம்பல் பதுங்கும். குழாய்த் தண்ணீரால் கழுவலாமே என்பவர்களுக்கு: நான் ஒருமுறை கழுவினேன். சாம்பல் காரநீராகி எல்லா இடுக்கிலும் இறங்கியது. காயவைக்க ஒரு வாரம் ஆயிற்று.

எண்ணெய் பூசுவதைப் பலர் சொல்வார்கள். நானும் இரண்டு கோடைகள் பூசினேன். தகடு பளபளவென்று சுத்தமாக இருந்தால் பயனுண்டு. ஆனால் மிச்சம் இருக்கும் சாம்பலோடு எண்ணெய் குழைந்து களிம்பாகிவிடுகிறது. அதைப் பெயர்த்துப் பார்த்தால் அடியில் துரு. வண்டியிலிருந்து வடித்த பழைய எண்ணெயில் ஏற்கெனவே அமிலம் சேர்ந்திருப்பதால் அது வேண்டவே வேண்டாம். இப்போது கதவின் சட்டத்துக்கும் கீல்களுக்கும் மட்டும் மெல்லிதாகப் பூசுகிறேன்.

எனக்குக் கைகொடுத்தது ஒரு பல்பு. பழைய வகை 60 வாட் குண்டு பல்பை, தகட்டில் படாதபடி கம்பிக் கூண்டுக்குள் வைத்து எரியறையின் நடுவில் தொங்கவிட்டிருக்கிறேன். வெளிக்காற்றைவிடச் சுவர் சற்றே வெதுவெதுப்பாக இருந்தால் போதும், வியர்க்காது. எல்இடி பல்பு தரும் சூடு மிகக் குறைவு. இந்த வேலைக்கு உதவாது. புகைபோக்கியின் வாயையும் ஊதுவிசிறி காற்றிழுக்கும் துளையையும் மூடிவிடுகிறேன். உள்ளே ஈரம் இருக்கும்போதே மூடினால் அது வெளியேற வழியில்லாமல் அங்கேயே வேலை செய்யும். ஆகவே பல்பை இரண்டு நாள் எரியவிட்டுக் காயவைத்த பிறகே மூடுகிறேன்.

மூடியதை நினைவில் வைப்பது தனிக் கலை. ஐந்தாம் ஆண்டு புகைபோக்கி மூடியை எடுக்காமலேயே நெருப்பு மூட்டிவிட்டேன். கதவு வழியாகக் கரும்புகை என் முகத்தில் அடித்தது. புருவத்தில் பாதி போயிற்று. அன்றிலிருந்து மூடிக்கு ஒரு நீண்ட கயிறு கட்டி, மறுமுனையைக் கதவின் கைப்பிடியில் சுற்றிவைக்கிறேன். கயிற்றை அவிழ்க்காமல் கதவு திறக்காது.

முதல் இரண்டு ஆண்டுகள் தந்த குழிகள் அடித்தகட்டில் இன்னும் இருக்கின்றன. ஒவ்வோர் ஆண்டும் சுத்தியலால் மெல்லத் தட்டிப் பார்க்கிறேன். சத்தம் கணீரென்றுதான் வருகிறது. இடது மூலையில் ஓரிடம் மட்டும் சற்று மந்தமாக ஒலிக்கிறது. அடுத்த கோடையில் அங்கே ஒரு தகடு வைத்து வெல்டிங் செய்ய வேண்டியிருக்கும்.